அக்கா மகளுக்கு எந்த சாக்ஸபோன்?

போன வருடம் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். தங்க நிறத்தில் பளபளவென்று ஓர் ஆல்டோ சாக்ஸபோன். பெட்டி, வெள்ளைக் கையுறை, கழுத்துப்பட்டை, ரீடு (ஊதும்போது அதிர்கிற நாணல் பட்டை), துடைக்கிற துணி எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய். கீழே ஒரே வரி: “தம்பி, பாப்பாவுக்கு இது போதுமாடா? இன்னிக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுதாம்.”

பாப்பாவுக்குப் பதினொரு வயது. தண்டையார்பேட்டையில் வீடு. தேர்பவனியில் பேண்டு செட்டோடு வந்த சாக்ஸபோன்காரர் பின்னாலேயே இரண்டு தெரு நடந்து போனவள். ஒரு வருடமாகியும் ஆசை குறையவில்லை என்பதால், வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் முடிந்துவிட்டது. எதை வாங்குவது என்பதுதான் மிச்சம். ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் வீட்டிலும் இதையேதான் கேட்கிறார்கள். அக்காவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அளவு. சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பாரிடோன் என்று நான்கு வகை புழக்கத்தில் இருக்கின்றன. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கியபோதே சிறிதும் பெரிதுமாக ஒரு குடும்பமாகத்தான் வாங்கினார். சின்னப் பிள்ளைக்குச் சின்ன வாத்தியம்தானே என்று பலர் சோப்ரானோவைக் கேட்கிறார்கள். அது சரிப்படாது. சோப்ரானோவின் மவுத் பீஸ், அதாவது வாயில் வைத்து ஊதுகிற முனை, சிறியது. உதடு ஒரு நூல் இறுகினாலோ தளர்ந்தாலோ சுருதி நகர்ந்துவிடும். காது பழகாத பிள்ளைக்கு அதைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. டெனார் மூன்று, மூன்றரை கிலோ வரும். பதினொரு வயதுக் கழுத்தில் அதை அரை மணி நேரம் தொங்கவிட எனக்கு மனம் வராது. ஆல்டோ ஏறக்குறைய இரண்டரை கிலோ. பெட்டியோடு தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். கத்ரி கோபால்நாத் கர்நாடக சங்கீதத்தை இந்த வாத்தியத்தில் நிலைநிறுத்தியதும் ஆல்டோவில்தான். ஆகவே ஆல்டோ. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

ஒன்பது வயதுக்குக் கீழே என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். மேல் பற்கள் மவுத் பீஸின் மேல் உட்காரும். பால் பல் விழுந்து முளைக்கிற வயதில் அந்தப் பிடி நிலைக்காது. கை எட்டுகிறதா என்றும் பாருங்கள். துளைகளைத் திறந்து மூடுகிற விசைகளைத்தான் கீ என்கிறோம். வலது கட்டைவிரலைக் கொக்கியில் வைத்துவிட்டு, சுண்டுவிரல் கீழே இருக்கிற சி கீயையும் ஈ ஃப்ளாட் கீயையும் சிரமமில்லாமல் தொட வேண்டும். எட்டாத பிள்ளை மணிக்கட்டை முறுக்கி எட்டப் பார்க்கும். அந்தப் பழக்கம் பிறகு போகாது. அந்த வயதுக்கு யமாஹா 2017இல் கொண்டுவந்த வெனோவா என்ற பிளாஸ்டிக் வாத்தியம் நல்லது. சோப்ரானோ சாக்ஸின் மவுத் பீஸ்தான் அதற்கும். எடை குறைவு, தண்ணீரில் கழுவலாம். ஒரு வருடம் அதை ஊதிவிட்டு ஆல்டோவுக்கு வந்தால் ரீடு பழகியிருக்கும்.

கிளாரினெட்டில் ஆரம்பித்தால் என்ன என்று மச்சான் கேட்டார். நல்ல கேள்வி. விலை குறைவு, எடை குறைவு, ஏ.கே.சி. நடராஜன் மாதிரி ஒரு மேதை வாசித்துக் காட்டிய வாத்தியம். ஆனால் கிளாரினெட்டில் துளைகளை விரல் சதையால் அடைக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கீச்சிடும். சாக்ஸில் கீ அடைத்துக்கொள்ளும். அது போக, சாக்ஸில் மேல் ஸ்தாயிக்குப் போனாலும் விரல் ஏறக்குறைய அதேதான், ஆக்டேவ் கீயை மட்டும் சேர்த்து அழுத்த வேண்டும். கிளாரினெட்டில் மேலே போனால் வேறு கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை கேட்டது சாக்ஸபோன். கேட்டதைக் கொடுத்தால்தான் சாதகம் நடக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். நான்கு வழி இருக்கிறது: இணையத்தில் 20,000 ரூபாய் சுற்றளவில் கிடைக்கிற பெயர் தெரியாத புதுசு, பேண்டு செட்காரர்களிடம் கைமாறுகிற பழைய வாத்தியம், யமாஹா, ஜூபிடர் மாதிரி பெயர் பெற்ற கம்பெனியின் மாணவர் மாடல் புதுசு, அதே மாடல் செகண்ட் ஹேண்டில்.

முதல் வழியில் நானே போயிருக்கிறேன். முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் சேர்த்த பணத்தில் ஒரு கடையில் எடுத்தேன். வாங்கிய அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று மாதத்தில் ஜி ஷார்ப் கீ ஒட்டிக்கொண்டு எழவில்லை. கீழ் ஸ்தாயி சுரங்கள் ஒன்றும் வரவில்லை. ஊதினால் ஒரு கரகரப்பு, அப்புறம் மேலே எகிறிவிடும். எனக்கு மூச்சு போதவில்லை என்று நினைத்தேன். மெரினாவில் காலையில் ஓடினேன், பலூன் ஊதினேன், ரீடு மாற்றினேன். எட்டு மாதம் இப்படியே போனது. கடைசியில் புளியந்தோப்பில் பேண்டு வாசிக்கிற ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஊதிக்கூடப் பார்க்கவில்லை. வாத்தியத்தை மடியில் சாய்த்து, எஃப் கீயின் மேல் கட்டைவிரலை வைத்து லேசாக ஓர் அழுத்து அழுத்தினார். கீ வளைந்தது. கையை எடுத்தார், வளைந்தபடியே இருந்தது. “உன் மூச்சுல ஒண்ணும் இல்லப்பா. இதுல இருக்கிறதெல்லாம் களிமண்ணு” என்றார்.

அந்த எட்டு மாதம்தான் நான் அக்காவுக்குச் சொன்ன பதில். பெரியவன் நானே என்னைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு, சுரம் வராதது தன் தப்பா வாத்தியத்தின் தப்பா என்று எப்படித் தெரியும்? தெரியாது. தனக்கு வராது என்று முடிவு கட்டிப் பெட்டியை மூடிவிடும். புதிதாகக் கற்கிறவர்களுக்குச் சுமாரானது போதும், நன்றாக வாசித்தால் அப்புறம் நல்லது வாங்கலாம் என்று நம் வீடுகளில் சொல்கிற வழக்கம் சைக்கிளுக்குப் பொருந்தலாம், ஊதுகிற வாத்தியத்துக்குப் பொருந்தாது. கைதேர்ந்தவர் காற்று கசிகிற, லீக் இருக்கிற சாக்ஸிலும் எப்படியோ சமாளித்து வாசித்துவிடுவார். ஆரம்பிக்கிறவருக்குத்தான் குறையில்லாத வாத்தியம் வேண்டும்.

இப்போது வருகிற மலிவு வாத்தியங்களில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் மாணவன் ஒருவனிடம் இருப்பது இரண்டு வருடமாக ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆனால் வந்த பெட்டியைத் திறக்கிறவரை எது வரும் என்று தெரியாது, கெட்டுப்போனால் ரிப்பேர் பார்ப்பவர்கள் கையில் எடுக்கத் தயங்குகிறார்கள். மெத்தென்ற உலோகத்தில் ஒன்றைச் சரி செய்யப் போனால் இன்னொன்று வளையும். திரும்ப விற்கவும் முடியாது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த 19,000 மலிவு இல்லை.

இரண்டாவது வழி, பேண்டு செட் வாத்தியம். வட சென்னையில் இது ஒரு தனி உலகம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாசித்து வாசித்து, ஒரே வாத்தியம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்திருக்கும். லேக்கர் என்கிற மேல்பூச்சு முழுக்கப் போய்ப் பித்தளை கறுத்திருக்கும். ஆனால் ஊதினால் தெரு முனைவரை கேட்கும். விலையும் பேசி வாங்கலாம். எனக்கு அந்த வாத்தியங்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் பிள்ளைக்கு முதல் வாத்தியமாக எடுக்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று சுருதி. 1920களுக்கு முன் பிரிட்டிஷ் பட்டாளத்து பேண்டுகள் இன்றைய சுருதியைவிட உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்று ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ். அவர்களுடையது 452 பக்கம். அந்தக் கணக்கில் செய்த சாக்ஸபோன் இன்னும் எங்காவது கைமாறிக்கொண்டிருக்கும். மவுத் பீஸை எவ்வளவு வெளியே இழுத்தாலும் கீபோர்டோடு சேராது. ஒரு சுரம் சேர்ந்தால் இன்னொன்று விலகும். கைபேசி டியூனரை வைத்துக்கொண்டு கீழிருந்து மேல்வரை வாசித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கத்தில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு டெனாரை வெள்ளம் வடிந்த பிறகு திறந்து பார்த்தோம். பேடுகள், அதாவது கீயின் அடியில் துளையை அடைக்கிற சின்ன மெத்தைகள், எல்லாம் ஊறி ஓரம் சுருண்டு, மோரில் நனைந்த அப்பளம் மாதிரி இருந்தன. உள்ளே இருப்பது கம்பளி, மேலே மெல்லிய தோல், நனைந்தால் தீர்ந்தது. ஆல்டோவில் இருபதுக்கு மேல் பேடு இருக்கும். எல்லாவற்றையும் மாற்றினால் வாத்தியத்துக்குக் கொடுத்த விலையைவிடக் கூட ஆகலாம். மேலே பாலிஷ் போட்டு விற்பார்கள், பாலிஷ் போட்டால் பேடு சரியாகிவிடாது.

புது மாணவர் மாடல் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. யமாஹா ஒய்.ஏ.எஸ். 280 எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஊதலாம். சுருதி சீராக இருக்கும், கீ கைக்கு அடக்கமாக இருக்கும், கூட வருகிற 4சி மவுத் பீஸ் ஆரம்பத்துக்குப் போதுமானது, பத்து வருடம் கழித்தும் விற்கலாம். விலை லட்சத்தைத் தாண்டும். முடிந்தவர்கள் தாராளமாக எடுங்கள். அக்கா வீட்டில் அது முடியாது. பாப்பாவுக்குக் கீழே ஒரு தம்பி இருக்கிறான், மச்சானுக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை.

எனவே நான் சொன்னது நான்காவது வழி: அதே யமாஹாவின் பழைய 275 அல்லது 280, அல்லது ஜூபிடர், செகண்ட் ஹேண்டில். வீட்டுக்கு ஒரு பிள்ளை ஆசையாகக் கற்று, பிளஸ் டூவில் நிறுத்தி, பெட்டி பரணுக்குப் போயிருக்கும். அப்படிப்பட்ட வாத்தியம் தேய்ந்திருக்காது. கிடைக்கிறவரை காத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கஷ்டம். எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை என்ன செய்வது? மாதா கோயில் பாடகர் குழுவிலோ வாத்தியாரிடமோ ஒரு சாக்ஸ் சும்மா இருந்தால் மாத வாடகைக்குக் கேளுங்கள். கேட்டால் கிடைக்கும்.

வாங்கப் போகும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் பெரம்பூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். மகன் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டான், அம்மாதான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். முதலில் முத்திரை பார்த்தேன். யமாஹாவுக்கு மூன்று சுருதிக்கவைகள் குறுக்காக நிற்கிற சின்னம். டூப்ளிகேட்டில் அது மங்கலாகவோ கோணலாகவோ இருக்கும். மாடல் எண்ணும் தொடர் எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும். அடுத்தது நெக், அதாவது மவுத் பீஸை மாட்டுகிற வளைந்த மேல் குழாய். நெக்கின் ஒரு முனையை உள்ளங்கையால் மூடி மறுமுனையில் உறிஞ்சினால், காற்று நின்று உதட்டில் கவ்விப் பிடிக்க வேண்டும். பிடித்தது. நெக்கைப் பக்கவாட்டில் பார்த்தேன், அழுந்திய சுருக்கம் இல்லை. முரட்டுத்தனமாக மவுத் பீஸை மாட்டுகிறவர்கள் கையில் நெக் கீழே வளைந்துவிடும்; அப்படி வளைந்ததைத் தொடக் கூடாது. அடிவளைவில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தது. அது பரவாயில்லை.

அப்புறம் அந்த அம்மாவிடம் கேட்டு உள் அறை விளக்கை அணைத்தோம். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடுகிற சின்ன பேட்டரி சீரியல் பல்பைப் பெல் என்கிற அகன்ற வாய் வழியாக உள்ளே இறக்கி, ஒவ்வொரு கீயாக மெதுவாக மூடிப் பார்த்தோம். லீக் இருந்தால் பேடின் ஓரத்தில் நிலாப்பிறை மாதிரி ஒரு வெளிச்சக் கோடு தெரியும். பாப்பாதான் குனிந்து எண்ணிச் சொன்னாள்: “மாமா, மூணு இடத்துல தெரியுது.” மூன்று பேடு மாற்றினால் போதும் என்று ஆனது. கடைசியாகக் கீழ் பி ஃப்ளாட்டை மெல்லிய குரலில் ஊதினேன். பலமாக ஊதினால் லீக் இருந்தாலும் வந்துவிடும். மெல்ல ஊதி வந்தால்தான் வாத்தியம் சரி. கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது, அந்த மூன்று பேடுதான் காரணம். 55,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

மவுத் பீஸையும் ரீடையும் பலர் கடைசியில் மிச்சக் காசுக்கு வாங்குகிறார்கள். என் அனுபவத்தில் சத்தத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. மலிவு வாத்தியம் ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள்கூட, யமாஹா 4சி மவுத் பீஸ் ஒன்று தனியாக வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் அன்றே தெரியும். ரீடு ஒன்றரை அல்லது இரண்டாம் எண்ணில் (எண் கூடினால் ரீடு கெட்டி) ஆரம்பிக்கட்டும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படித்தான் இதற்கு ரீடு. ஒன்று கெட்டியாக இருக்கும், ஒன்று பேசாது, ஒன்று அமுதமாக இருக்கும். ஆகவே ஒரே ரீடை நம்பாமல் மூன்று நான்கை மாற்றி மாற்றிப் பழக்க வேண்டும். ஊதி முடித்ததும் ஈரத்தோடு டப்பாவில் அடைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

கடல் காற்றையும் சொல்ல வேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். சாக்ஸின் கீகளைத் தூக்கி நிறுத்துவது ஊசி மாதிரி மெல்லிய எஃகு ஸ்பிரிங். வாத்தியத்தை வெளியே ஸ்டாண்டில் அழகுக்கு நிறுத்தினால், அவை ஒவ்வொன்றாக முறியும். ஊதியதும் துணியை உள்ளே விட்டு இழுத்து, ஈரம் துடைத்து, பெட்டியில் வைத்து, பெட்டியைப் பரணில் வைக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

என்ன சங்கீதம் கற்கப் போகிறாள் என்பதும் முடிவில் சேரும் என்று அக்கா நினைத்தாள். வாத்தியத்தைப் பொறுத்தவரை சேராது, வாத்தியாரைப் பொறுத்தவரை சேரும். ஆல்டோ ஈ ஃப்ளாட் வாத்தியம். அதன் சி விரலில் ஸட்ஜமம் வைத்தால் சுருதிப்பெட்டியில் இரண்டரைக் கட்டை. கோயிலில் கீபோர்டுக்காரர் சி மேஜரில் வாசித்தால் இவள் ஏ மேஜரில் வாசிக்க வேண்டும். கர்நாடகம் என்றால் கமகத்துக்குத் தாடையும் உதடும் வேறு மாதிரி பழக வேண்டும். அதற்கு அந்த வழியில் வாசிக்கிற குரு வேண்டும். மேற்கத்திய இசையின் கிரேடு தேர்வு என்றால் நொட்டேஷன், அதாவது எழுதிய சுரங்களைப் பார்த்து வாசிக்கப் பழக வேண்டும். இரண்டுக்கும் இதே ஆல்டோ போதும்.

மூன்று பேடும் மாற்றி வந்த வாரம், பாப்பாவுக்கு வெறும் மவுத் பீஸையும் நெக்கையும் மட்டும்தான் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து ஊதினால் டியூனரில் ஜி ஷார்ப் காட்ட வேண்டும், அதாவது ஐந்தரைக் கட்டை. உதடு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நான்கு நாள் வீடு முழுக்க அந்த ஒரே சுரம். மேல் வீட்டுப் பாட்டியிடம் அக்கா முன்கூட்டியே போய், மாலை ஆறு முதல் ஆறேமுக்கால்வரைதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். அலமாரியைத் திறந்து, தொங்குகிற துணிகளைப் பார்த்து நின்று ஊதச் சொன்னேன், சத்தம் பாதி அடங்கும்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு கீழ் பி ஃப்ளாட்டை முயற்சி செய்தாள். கரகரத்து மேலே எகிறியது. நான்கு முறை ஊதிவிட்டு வாத்தியத்தை என்னிடம் நீட்டினாள். “மாமா, நீங்க ஊதுங்க.” மெல்ல ஊதினேன், தடுமாறாமல் வந்தது. “அப்போ இது நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.